மூன்றாவது கம்பம்

நான் திரும்பி வந்த காலையில் ஆறு அங்கே இல்லை. படகுத்துறையின் பலகைகள் கொஞ்ச தூரம் நீண்டு வெண்மைக்குள் முடிந்துபோயிருந்தன. அதற்கப்பால் தண்ணீர் இருக்கிறது என்பதற்கு அடியில் கேட்ட சளக் சளக் சத்தம்தான் சாட்சி. முப்பது பேர் பைகளோடும் சைக்கிள்களோடும் நின்றிருந்தார்கள். உயரத்தில் எரிந்த சிவப்பு விளக்கு பனியில் ஊறி, தன் அளவைவிட நாலு மடங்கு பெரிதாகத் தெரிந்தது.

"நல்லாத்தானே தெரியுது, விட்டாத்தான் என்ன?" என்று முன்னால் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன தெரியுது உங்களுக்கு?"

"அக்கரை."

"அக்கரையில என்ன தெரியுது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்க ஆபீஸ்."

"அது உங்களுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். போய் உட்காருங்க."

பதில் சொன்ன குரலை எனக்குத் தெரியும். ஆறு வருடங்களாகத் தொலைபேசியில் மட்டும் கேட்ட குரல், என் அம்மாவின் தங்கையுடையது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நின்றேன். சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வந்துட்டியா. பையை ஈரத்துல வைக்காத" என்றாள், நான் முனைக்கடைக்குப் போய்விட்டு வந்தது மாதிரி.

ஒரு வாரம் தங்குவதாகத்தான் வந்தேன். ஒரே இடத்தில் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தால் எனக்கு உள்ளங்கால் அரிக்கும். சித்தப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை எப்போதோ விட்டுவிட்டார். அவருக்கு நான் 'ஊர்சுத்தி'. அவர் இருபது வருடமாக இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் படகு ஓட்டுகிறவர். "நீயாவது ஊரைச் சுத்துற. நான் ஒரே ஆத்தைச் சுத்துறேன்" என்பார்.

அவர்கள் வீடு துறைக்கு மேலே, ஒரு பழைய கிடங்கின் மாடியில் இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை. சமையலறைத் தொட்டிக்கு மேல் ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் ஆறு. காலையில் அந்த ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து பாத்திரங்களின் மேல் உட்காரும். படுக்கையிலிருந்து பார்த்தால் தட்டுகளெல்லாம் மூச்சு விடுவது போலிருக்கும். எது கனவு, எது பனி என்று பிரித்தறிய எனக்குத் தினமும் சில நிமிடங்கள் தேவைப்பட்டன.

சித்தியின் வேலை அந்தப் பனியை அளப்பது.

துறையின் முனையில் ஓர் இரும்புத் தூண். அதன் தலையில் சித்தியின் பொறுப்பிலிருக்கும் கருவி. இரண்டு கைகளை முன்னால் நீட்டி யாருடைய முகத்தையோ ஏந்தப் போவது போல நிற்கும். துறைக்கு வருகிறவர்களுக்கு அது 'நண்டு'. அதைப் பார்த்துக்கொள்வதால் சித்தி 'நண்டம்மா'. அவளுக்கு இது தெரியும். "என்னைவிட அதுக்குத்தான் கோவம் வரணும்" என்பாள்.

நண்டின் ஒரு கை ஒளியை அனுப்பும். அது கண்ணுக்குத் தெரியாத ஒளி. இன்னொரு கை பார்க்கும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்ப்பதில்லை. இரண்டும் சற்றே கீழ்நோக்கிக் குனிந்திருக்கும். "சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி" என்றார் சித்தப்பா. அனுப்பும் கையின் ஒளி பார்க்கும் கையைத் தொடாமல் தாண்டிப் போய்விட வேண்டும். காற்று சுத்தமாக இருந்தால் அப்படித்தான் போகும். பார்க்கும் கைக்கு வெறும் இருட்டு. நடுவில் பனித்துளியோ புகையோ தூசியோ வந்தால், ஒளி அதன் மேல் பட்டுச் சிதறி, சிதறியதில் கொஞ்சம் பார்க்கும் கைக்குள் விழும். எவ்வளவு விழுகிறதோ அவ்வளவுக்குக் காற்று கலங்கியிருக்கிறது. அந்தக் கணக்கை வைத்து எத்தனை மீட்டர் வரை ஆள் பார்க்க முடியும் என்று ஓர் எண்ணைக் கீழே அறையிலிருக்கும் திரைக்கு அனுப்பும். முன்னூறும் அதற்கு மேலும் என்றால் பச்சை விளக்கு. அதற்குக் கீழே சிவப்பு, படகு நகராது.

எதுவுமே தெரியாதபோதுதான் அதற்கு எல்லாம் தெளிவு என்பது எனக்குப் பிடித்திருந்தது. அதை நினைத்துக்கொண்டே பல மதியங்கள் துறையில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

திரையில் அந்த எண்கள் ஒரு கோடாக ஓடும். சித்தி அந்தக் கோட்டைக் கையெழுத்து மாதிரி படிப்பாள். பனி வந்தால் கோடு மெதுவாக, தூக்கம் வந்த குழந்தையின் தலை மாதிரி சாயும். அக்கரைச் சூளைகளின் புகை என்றால் ரம்பப் பல். லாரி கிளப்பிய தூசி சீப்பு மாதிரி, ஒவ்வொரு லாரிக்கும் ஒரு பல். ஒருநாள் பட்டப்பகலில், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது, எண் நாற்பதுக்கு விழுந்தது. நான் பதறி எழுந்தேன். சித்தி ஏணியை எடுத்துக்கொண்டு போனாள். நண்டின் இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. அவள் சிலந்தியை ஒரு காகிதத்தில் ஏற்றிக் கொண்டுவந்து கரைப் புதரில் விட்டாள்.

"திரும்பி வருமே."

"வரும். வாரா வாரம் வருது. அதுக்கு வேற எங்க போகத் தெரியும்?"

திரை இருந்த அறையில் ஒரு விசித்திரம் உண்டு. அந்த அறைக்கு ஆற்றைப் பார்த்து அகலமான ஜன்னல் இருந்தது. ஆனால் சித்தியின் மேசை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. எதிரே திரை, அதன் பின்னால் வெள்ளைச் சுவர். காட்சி பார்க்க ஆட்கள் தூரத்திலிருந்து வரும் ஆற்றை அவள் பதினொரு வருடமாகத் திரும்பிப் பார்க்காமல் வேலை செய்துகொண்டிருந்தாள்.

காரணத்தைச் சித்தப்பாதான் சொன்னார். நண்டு வருவதற்கு முன்னால் சித்திக்குக் கம்பம் எண்ணும் வேலை. துறையிலிருந்து நூறு நூறு மீட்டருக்கு ஒன்றாக ஆற்றில் ஆறு இரும்புக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். மூன்றாவது கம்பத்தோடு மணல்திட்டு முடிந்து ஆழமான வழி தொடங்குகிறது. சரக்குப் படகுகள் மேலும் கீழும் போகும் வழி அது. பாரம் ஏற்றிய சரக்குப் படகை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. ஆகவே மூன்றாவது கம்பம் தெரிந்தால் மட்டுமே பயணிகள் படகு கிளம்பலாம். சித்தி நின்று பார்ப்பாள், எண்ணிச் சொல்வாள். ஒரு காலை, பரீட்சைக்குப் போக வேண்டிய ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சித்தி ஆற்றைப் பார்த்தாள். மூன்றாவது கம்பம் தெரிந்தது. "மூணு" என்றாள். படகு போய், வழி தவறி, மணலில் ஏறி ஐந்து மணி நேரம் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பரீட்சை மட்டும் போயிற்று.

"அவ பொய் சொல்லல" என்றார் சித்தப்பா. "அவளுக்கு நிஜமாவே தெரிஞ்சிருக்கு. அதான் அவளால தாங்க முடியல."

நண்டு வந்ததும் மேசையைத் திருப்பிப் போட்டாள். நான் அதைப் பற்றிக் கேட்டபோது திரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அதுக்கு யாரையும் பிடிக்காது. யாரு அழுதாலும் கேக்காது. அதுதான் அதோட அழகு."

அந்த அழகை நேராக வைத்திருப்பதற்கு அவளிடம் ஒரு கண்ணாடி இருந்தது. உள்ளங்கை அகலம், சாம்பல் நிறம், மங்கலானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நண்டின் கண்களைத் துடைத்துவிட்டு, இரண்டு கைகளுக்கும் நடுவே இந்தக் கண்ணாடியை மாட்ட வேண்டும். அப்போது திரை சரியாக இருநூற்றைம்பது காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் காட்டும்வரை திருக வேண்டும். அந்தக் கண்ணாடி எவ்வளவு ஒளியைச் சிதறடிக்கும் என்று எங்கேயோ ஓர் ஆய்வுக்கூடத்தில் அளந்து, விளிம்பில் எண் பொறித்து அனுப்பியிருந்தார்கள். ஒரு துண்டுப் பனியை வெட்டி எடுத்து, கெட்டியாக்கி, எண் போட்டது மாதிரி. மேலே ஒரு துறை, கீழே ஒரு துறை, நடுவில் எங்களுடையது. மூன்று நண்டுகளுக்கும் இந்த ஒரே கண்ணாடிதான்.

அது அலுவலகப் பீரோவில் இருக்க வேண்டும். பீரோவின் பூட்டு போன மழைக்காலத்தில் கெட்டுப்போனது. மாற்றித் தரக் கேட்டுச் சித்தி நாலு கடிதம் எழுதினாள். பிறகு கண்ணாடியை ஒரு மெல்லிய துணியில் சுற்றி, வீட்டுக்கு எடுத்துவந்து, சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்துக்கொண்டாள். ஈரமில்லாத இடம் அதுதான். விதிப்படி அது தப்பு என்று அவளுக்குத் தெரியும்.

நான் வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குள் ஒரு சின்னச் சண்டை. சித்தப்பா சேறு படிந்த பூட்ஸோடு அறைக்குள் வந்துவிட்டார். சித்தி ஒன்றும் சொல்லவில்லை. துடைத்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் துடைத்தால் அது பெரிய சண்டை. அவள் கடைக்குப் போனதும் சித்தப்பா சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வீட்டைக் கழுவ ஆரம்பித்தார். தரை, ஜன்னல், அடுப்பு, அப்புறம் ஒரு பாத்திரம் விடாமல். அலமாரியின் மேல்தட்டு வரை கை நீண்டது. நான் படுத்துக்கொண்டே பார்த்தேன். காயவைத்த தட்டுகளின் வரிசையில் கடைசியாக ஒரு சதுரக் கண்ணாடி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அழகாயிருக்கிறதே என்று நினைத்தேன். அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை. நினைத்திருக்கலாம்.

மறுநாள் திங்கள். மூன்று மாதத் துடைப்பு நாள். கண்ணாடியை மாட்டியதும் திரை நூற்று நாற்பது காட்டியது. சித்தி புருவத்தைச் சுருக்கினாள். வழக்கத்தைவிட மிக அதிகமான ஒளி பார்க்கும் கையில் விழுந்துகொண்டிருந்தது. போன மாதம்தான் அனுப்பும் கையின் விளக்கை மாற்றியிருந்தார்கள்.

"புது விளக்கு. துள்ளுது" என்றாள். இருநூற்றைம்பது வரும்வரை திருகினாள். கண்ணாடி தவறாகியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றவும் தோன்றாது. அவளைப் பொறுத்தவரை மற்றதெல்லாம் தவறலாம், அதைத் திருத்துவதற்காக இருப்பதுதான் கண்ணாடி. செவ்வாயன்று பஸ் பிடித்து மேல்துறைக்குப் போய் அங்கேயும் திருகினாள். புதனன்று கீழ்த்துறை.

அதன்பின் பத்து நாள் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கோடு உச்சியில் நேராக ஓடியது. நான் ஒருநாள் கிளம்புகிறேன் என்றேன். மறுநாளும் சொன்னேன். இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். பை கட்டியபடி மூலையில் நின்றது.

பதினோராவது நாள் காலை பனி வந்தது. ஏழு மணிக்குத் திரையில் இருநூற்றுத் தொண்ணூறு. எட்டு நிமிடம் கழித்து முன்னூற்று அறுபது. பச்சை விளக்கு எரிந்தது. சித்தப்பா கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். போகும்போது ஜன்னலைப் பார்த்து, "நண்டம்மா உத்தரவு கொடுத்துட்டாங்க, ஏறுங்க ஏறுங்க" என்று சத்தம் போட்டார். இருபத்துநாலு பேர் ஏறினார்கள். படகு பின்வாங்கி, திரும்பி, பாலில் விழுந்த கரண்டி மாதிரி மெதுவாக உள்ளே போய்விட்டது.

நான் அறைக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். சித்தி வழக்கம்போல எனக்கும் ஆற்றுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். பனிக்குள் முதல் கம்பம் தெரிந்தது. இரண்டாவது பென்சில் கோடு மாதிரி தெரிந்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

"சித்தி, அந்த மூணாவது கம்பத்தைப் பிடுங்கிட்டாங்களா?"

"எவன் பிடுங்குவான்? அங்கதான் நிக்கும்."

"காணோமே."

அவள் திரையைப் பார்த்தாள். முன்னூற்று ஐம்பத்தெட்டு. எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். அந்த ஜன்னலில் அவள் நின்று நான் பார்த்தது அதுதான் முதல்முறை. கண்களை மூடித் திறந்தாள்.

"உனக்கு எத்தனை தெரியுது?"

"ரெண்டு."

"நல்லாப் பாரு."

"ரெண்டுதான் சித்தி. மூணாவது இருக்கிற மாதிரி இருக்கு."

"இருக்கிற மாதிரின்னா இல்ல" என்றாள். குரல் மாறியிருந்தது. "எனக்கும் இருக்கிற மாதிரிதான் இருக்கு."

அப்போது மேற்குப் பக்கத்தில், ஆழவழியில், கனமான இன்ஜினின் சத்தம் கேட்டது. தரைக்கு அடியிலிருந்து வருவது போல ஒரு துடிப்பு. சரக்குப் படகு. அதற்கு எங்கள் விளக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. எங்கள் படகு கிளம்பி இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. முன்னூறு மீட்டர் போக அதற்கு இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகமாகும்.

திரையில் எண் பச்சையாக இருந்தது. சித்தி ஒருமுறை திரையைப் பார்த்தாள், ஒருமுறை ஆற்றை. அவள் முகத்தில் அப்போது ஓடியதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்: ஒரு பக்கம், யார் அழுதாலும் கேட்காத கருவி. இன்னொரு பக்கம், ஒருமுறை ஏமாற்றிய கண். அதுவும் இப்போது அந்தப் படகில் இருப்பது அவள் புருஷன். பயந்த கண் குறைவாகப் பார்க்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவள் ஊதுகொம்பின் பொத்தானை அழுத்தினாள். மூன்று நீள ஒலி. 'எங்கே இருக்கிறாயோ அங்கேயே நங்கூரம் போடு' என்று அர்த்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மறுபடி மூன்று. மறுபடி மூன்று.

நாங்கள் காத்திருந்தோம். வெண்மை எதையும் சொல்லவில்லை. சரக்குப் படகின் துடிப்பு வளர்ந்துகொண்டே வந்து, அறைக்குள் நுழைந்து, மேசை மேல் இருந்த டம்ளரில் வட்டம் வட்டமாக நடுங்கியது. சித்தி பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் நின்றிருந்தாள். பிறகு, எங்கோ பஞ்சுக்குள்ளிருந்து, ஒரு மணிச் சத்தம். சின்னது. டங், டங், டங். நங்கூரம் போட்ட படகு அடிக்கும் மணி.

துடிப்பு எங்கள் முன்னால் இடமிருந்து வலமாகக் கடந்து போயிற்று. எதுவுமே தெரியவில்லை. பாறை ஒன்று தூக்கத்தில் நடந்து போவது போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது கிளப்பிய அலைகள் துறையின் கால்களில் வந்து மோதின. மணி நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. சித்தி பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

ஒன்பது மணிக்குப் பனி கலைந்தபோது படகு மூன்றாவது கம்பத்துக்குப் பக்கத்தில், மணல்திட்டின் விளிம்பில், நின்றிருந்தது. இன்னும் ஒரு படகு நீளம் போயிருந்தால் ஆழவழி. பயணிகள் புகைப்படத்துக்கு உட்கார்ந்த மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கரைக்கு வந்ததும் சித்தப்பா சொன்னார்: "ரெண்டாவது கம்பம் தாண்டினதும் எனக்கு முன்னாடி ஒண்ணுமே தெரியல. ஆனா நண்டு பச்சைன்னு சொல்லிருச்சே. வயசாச்சு, கண்ணு போயிருச்சுன்னு நெனச்சிட்டுப் போயிட்டே இருந்தேன்."

"கொம்பு ஊதினதும் நின்னுட்டீங்களா?"

"இவ சும்மா ஊத மாட்டா. வீட்டுலயே ஊத மாட்டா."

சித்தி சிரிக்கவில்லை. நேராக மாடிக்குப் போய்க் கண்ணாடியை எடுத்துவந்து நண்டில் மாட்டினாள். சரியாக இருநூற்றைம்பது. ஒரு குறையும் இல்லை. அவள் ஏணியிலேயே வெகுநேரம் நின்றாள்.

"நண்டும் கண்ணாடியும் ஒண்ணு சேர்ந்துக்கிச்சு" என்றாள்.

கீழே இறங்கி, கண்ணாடியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு அதைச் சுற்றியிருந்த துணியை மூக்கருகே கொண்டுபோனாள். எலுமிச்சை வாசனை. பாத்திரம் தேய்க்கும் பவுடருடைய எலுமிச்சை.

சித்தப்பா சமையலறையில் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, இதைக் கழுவினீங்களா?"

"கழுவினேனே. எவ்வளவு கரி தெரியுமா அதுல? ரெண்டு தடவை பவுடர் போட்டேன். முழுசாப் போகல. நீ பாட்டுக்கு அப்படியே வெச்சிருக்க."

"அது கரி இல்லைங்க."

"பின்ன?"

"பனி" என்றாள் சித்தி.

அந்தக் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் இருந்த மெல்லிய சாம்பல் பூச்சுதான் ஒளியை அளவாக விடும். அதை அவர் பாதி தேய்த்து எடுத்துவிட்டார். கண்ணாடி அதிக ஒளியை விட்டது. இவ்வளவு ஒளி விழுந்தால்தான் இருநூற்றைம்பது என்று சித்தி நண்டுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அப்புறம் நிஜமான பனி வந்தபோது, அதிலிருந்து விழுந்த ஒளி நண்டுக்குப் போதவில்லை. இதெல்லாம் ஒரு பனியா என்று பச்சை காட்டிவிட்டது. இருநூறை முன்னூற்று அறுபது என்று சொன்னது. அதில் நண்டின் தப்பு எதுவும் இல்லை.

சித்தப்பா தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். ஏதோ அங்கே ஒட்டியிருக்கும் என்பது போல.

சித்தி முதலில் செய்தது தொலைபேசியை எடுத்ததுதான். மேல்துறைக்கும் கீழ்த்துறைக்கும் ஒரே வாக்கியம்: "பச்சை காட்டினாலும் நம்பாதீங்க, கம்பத்தை எண்ணுங்க." அதற்கு அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யோசித்தது பிறகு, பதிவேட்டைத் திறந்தபோது. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று அதில் எழுத வேண்டும். கண்ணாடி ஏன் வீட்டில் இருந்தது என்பதும் அதில் வரும். பேனாவைப் பிடித்தபடி மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அந்த அறையும் நண்டும் இல்லையென்றால் அவளுக்கு வேறு எதுவும் தெரியாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"கீழ விழுந்துச்சுன்னு எழுதேன்" என்றார் சித்தப்பா மெல்ல.

"விழுந்தா உடையும். இது உடையல."

"நான் உனக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன்னு எழுது. நான் ஒத்துக்கிறேன்."

"உங்களுக்கு எதுக்கு அது? முகம் பாக்கவா?"

நான் சொன்னேன்: "சித்தி, நானும் பார்த்தேன். தட்டோட தட்டாக் காஞ்சிட்டிருந்துச்சு."

"அப்போ உன்னையும் எழுதட்டா? இருபத்துநாலு பேர் படகுல, மூணு பேர் பதிவேட்டுல." முதல்முறையாக அவள் உதட்டோரம் அசைந்தது. பிறகு எழுத ஆரம்பித்தாள். ஒரு பக்கம் வந்தது. அதில் சித்தப்பாவோ நானோ இல்லை. 'பூட்டு கெட்டதால் வீட்டில் வைத்தேன். வீட்டில் அது கழுவப்பட்டது. கழுவியதைக் கவனிக்காமல் மூன்று கருவிகளையும் அதை வைத்துத் திருத்தினேன். தவறு என்னுடையது.'

நான்காம் நாள் ஓர் அதிகாரி வந்தார். மரியாதையாகப் பேசினார். கண்ணாடியை ஓர் உறையில் போட்டு ஒட்டினார். விசாரணை முடியும்வரை நண்டுக்குக் கறுப்பு உறை மாட்டச் சொன்னார். புதுக் கண்ணாடி வர நாற்பது நாளாகும். அதுவரை கம்பம் எண்ண வேண்டும், எண்ணத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். எங்கள் துறையில் அது ஒரே ஆள்தான். எச்சரிக்கைக் கடிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, வேலையை அவளிடமே விட்டுப் போனார். பீரோவுக்குப் புதுப் பூட்டும் வந்தது.

அன்று மாலை சித்தியும் நானும் மேசையைத் தூக்கித் திருப்பிப் போட்டோம். பதினொரு வருடமாகக் கால் பதிந்த நான்கு குழிகள் தரையில் அப்படியே இருந்தன.

எண்ணுவதற்கு அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். தான் எண்ணுவாள். கூட இரண்டு பேரை எண்ணச் சொல்வாள். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கக் கூடாது. மூன்றில் எது குறைவோ அதுதான் கணக்கு. ஒரு ஆள் எப்போதும் நான். இன்னொருவர் அன்றைக்கு அவசரமில்லாத பயணி. சித்தப்பாவும் எண்ணப் பார்த்தார். எப்போதும் ஒன்று கூடுதலாகச் சொன்னார்.

"உங்க ஓட்டு செல்லாது."

"ஏன்?"

"உங்களுக்குப் போகணும். போகணும்னு நிக்கிறவங்க கண்ணுக்குத் தனிச் சக்தி."

நாற்பது நாள் நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெங்கும் எதையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பனி ஒருநாள் போல ஒருநாள் இருக்கவில்லை. சில காலைகளில் அது ஆற்றுக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் மிதக்கும், கம்பங்களின் தலைகள் மட்டும் தெரியும், யாரோ ஆறு பேர் கழுத்தளவு தண்ணீரில் வரிசையாக நிற்பது போல. சில காலைகளில் கம்பங்கள் இருக்கும், கரை இருக்காது.

புதுக் கண்ணாடி வந்தது. நண்டு உறையைக் கழற்றிக்கொண்டு கைகளை நீட்டியது. சித்தி அதைத் திருகி நேராக்கினாள். ஆனால் மேசையைத் திரும்பவும் சுவர்ப் பக்கம் போடவில்லை. காலையில் வந்ததும் திரையைப் பார்க்காமல் முதலில் ஆற்றைப் பார்ப்பாள். எண்ணியதை உள்ளங்கையில் பேனாவால் எழுதி மூடிக்கொள்வாள். அதன் பிறகுதான் திரை.

நான் கிளம்பிய நாளன்று பனி. பஸ் அக்கரையில், எட்டு மணிக்கு. அங்கிருந்து ரயில், ரயிலிலிருந்து இன்னொரு நாடு. எல்லாம் ஒன்றோடொன்று கோத்திருந்தது. சித்தப்பா படகில் ஏறி நின்று எனக்காகக் காத்திருந்தார். நான் பையை முதுகில் மாட்டிக்கொண்டு அறை வாசலில் நின்றேன்.

சித்தி ஆற்றைப் பார்த்தாள். கையில் எழுதி மூடிக்கொண்டாள். என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்: "எத்தனை?"

நான் பார்த்தேன். ஒன்று. இரண்டு. அதற்கப்பால், வெண்மையில், மூன்றாவது. சிவப்பும் வெள்ளையுமாக அதன் பட்டைகள்கூட எனக்குத் தெரிந்தன. அவ்வளவு தெளிவாக நான் அதை அதற்கு முன் பார்த்ததேயில்லை. அந்தத் தெளிவுதான் என்னைத் தயங்க வைத்தது. நாற்பது காலைகளில் மூன்றாவது கம்பம் இந்த மாதிரி நாளில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பட்டை தெரியாது. நான் கண்ணை மூடி, பஸ்ஸை மறந்து, மறுபடி திறந்தேன்.

"ரெண்டு" என்றேன்.

சித்தி கையை விரித்துக் காட்டினாள். வியர்வையில் கொஞ்சம் கலைந்த ஓர் இரண்டு. பிறகு நாங்கள் சேர்ந்து திரையைப் பார்த்தோம். இருநூற்று நாற்பது. மேலே சிவப்பு விளக்கு பனியில் ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது. படகிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது: "ஊர்சுத்தி, உன் சித்தி உன்னையே விடலயா?"

நான் துறைக்கு வந்து, மற்றவர்களோடு சேர்ந்து, பையை இறக்கினேன்.

"ஈரத்துல வைக்காத" என்றாள் சித்தி, ஜன்னலிலிருந்து.